ஒன்று நாற்பது பஸ்ஸில் போன கல்

மதியம் ஒன்று நாற்பது பஸ். பதினான்கு வரி. கண்டக்டர் பெயர் ராசுக்குட்டி.

நேரம், எண்ணிக்கை, பெயர். இந்த மூன்றும் முதலிலேயே இருந்தால் மதுரையில் வெட்டமாட்டார்கள், சார். ஒன்று குறைந்தாலும் குப்பைக்கூடைதான். முப்பத்தோரு வருஷப் பழக்கம். வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வதற்குக்கூட நான் மணி பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நமது நிருபர்னு போடுறாங்களே, அது யாருங்க?" என்று கேட்டீர்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்டிருப்பீர்கள். உங்கள் நேரம் சரியில்லை. வேம்பங்குறிச்சியைப் பொறுத்தவரை 1977-லிருந்து 2008 வரைக்கும் அது நான்தான். பெயர் இன்னாசிமுத்து. பகுதிநேர நிருபர். அதே பேப்பருக்கு ஏஜெண்டும் நானே. செய்தியை எழுதி அனுப்புவதும் நான், மறுநாள் அது அச்சாகி வந்தால் சைக்கிளில் வைத்து வீடு வீடாகப் போடுவதும் நான். சமைத்தவனே பரிமாறவும் செய்தால் சாப்பாட்டில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளாவது என் பெயர் வந்ததா? வரவில்லை. நமது நிருபர். மந்திரி கூடப் போகிற நிருபருக்குப் பெயர் போடுவார்கள், கிரிக்கெட் எழுதுகிறவருக்குப் போட்டோவே போடுவார்கள். எனக்கு அந்த ஆசை இருந்தது, சார். இல்லை என்று சொல்லமாட்டேன்.

ராசுக்குட்டிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து செய்தி பஸ்ஸில் போகும். காக்கிக் கவரில் போட்டு, 'செய்தி, அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதி, ஒன்று நாற்பது பஸ் கண்டக்டர் கையில் கொடுக்க வேண்டும். நாலு பத்துக்கு மதுரை. பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் ஆள் நின்று வாங்கிக்கொள்வார். அடுத்த பஸ் ஐந்தரைக்கு. அதில் கொடுத்தால் மாவட்டப் பக்கம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும்.

இதில் ஒரு சிக்கல். ஊரில் நடக்கிற காரியமெல்லாம் சாயங்காலம்தான் நடக்கிறது. பொதுக்கூட்டம் ஐந்து மணி. ஊர்வலம் நாலு மணி. திறப்பு விழா, மந்திரி வரும்போது. அதனால் காலையிலேயே உட்கார்ந்து 'நேற்று மாலை' என்று எழுதிவிடுவேன். ராசுக்குட்டி விசில் கொடுக்கும்போது அந்த மாலை வந்திருக்காது. மறுநாள் பேப்பரில் பார்த்தால் வந்து போயிருக்கும்.

தப்பாக நினைக்காதீர்கள், எல்லா ஊரிலும் இப்படித்தான் எழுதினார்கள். எனக்குக் கொஞ்சம் கைவந்த கலை, அவ்வளவுதான். ஒரு தடவை சிறுபாலம் திறக்க வரவேண்டிய மந்திரிக்கு வயிற்றுப்போக்கு, வரவில்லை. பேப்பரில் இருபது வரி பேசியிருந்தார். மூன்றாம் நாள் அவருடைய உதவியாளரே போஸ்டாபீஸ் போனில் கூப்பிட்டு, "நல்லா பேசியிருந்தாருங்க, ஐயா சந்தோஷப்பட்டாரு" என்றார். இன்னொரு தடவை 'வாணவேடிக்கையைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர்' என்று எழுதினேன். அன்றைக்கு மழையான மழை. ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. நனைந்தவர்கள்கூடக் கேட்கவில்லை, சார். பேப்பரில் வந்துவிட்டது, ஆகவே மகிழ்ந்திருக்கிறோம் என்று இருந்துவிட்டார்கள்.

மதுரையில் வைத்தியலிங்கம் சார்தான் எங்கள் மாவட்டப் பக்கத்துக்கு உதவி ஆசிரியர். அவருக்கு எல்லாம் தெரியும். நாலு பத்துக்கு வந்த கவரில் நாலரை மணிக் கூட்டம் இருந்தால் தெரியாமலா போகும்? அவர் வைத்திருந்தது ஒரே ஒரு விதி. "ஏதாவது மாற்றம்னா ஏழரைக்குள்ள போன் பண்ணணும், இன்னாசி. பண்ணலன்னா நீ எழுதுனதுதான் நடந்தது."

நல்ல விதி. இப்போதும் சொல்கிறேன், நல்ல விதி.

1991 ஜனவரி 20. எங்கள் ஊர் செபஸ்தியார் கோயில் திருவிழா. நாங்கள் கத்தோலிக்கர்கள், சார். ஊரே அப்படித்தான். பெரிய தெருவும் அப்படித்தான், தெற்குத் தெருவும் அப்படித்தான். செபஸ்தியாரை நீங்கள் பார்த்திருக்கலாம், மரத்தில் கட்டிவைத்து உடம்பெல்லாம் அம்பு தைத்திருக்கும். அவர் வருஷத்துக்கு ஒரு முறை சப்பரத்தில் ஏறி ஊரைச் சுற்றுவார். ஊர் என்றால் ஆறு தெரு, மொத்தமாகப் பெரிய தெரு என்போம். ஏழாவது தெரு தெற்குத் தெரு. அங்கே போகமாட்டார். முக்கு வரைக்கும் வந்து திரும்பிவிடுவார். ஏன் என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள். ஞானஸ்நானம் எல்லோருக்கும் ஒன்று, தெரு வேறு.

நான் பெரிய தெருக்காரன். ஆனால் எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. தெற்குத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். இரண்டு தடவை.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அந்த முக்கில் தகராறு. தள்ளுமுள்ளு, இருட்டுவதற்குள் நாலைந்து கல். யார் எறிந்தது என்று தெரியாது. அந்த வருஷம் புதிதாக வந்த ஃபாதர் அமலதாஸ் பூசையிலேயே சொல்லிவிட்டார், சப்பரம் தெற்குத் தெருவுக்குள் போகும் என்று. அதற்கு முன்னால் தெற்குத் தெருவிலிருந்து பிஷப்புக்கு ஒரு மனு போயிருந்தது. கொடுத்தவர் சவரிமுத்து. கொத்தனார், முப்பத்து நாலு வயது, தகப்பன் பெயர் லாசர். இவ்வளவும் எப்படித் தெரியும் என்றால், அந்த மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தான். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்யா, நீங்களே எழுதுங்க" என்று வந்து நின்றான். எழுதினேன். நல்ல மனு. 'ஆண்டவருடைய வீதியில் எல்லை இல்லை' என்று ஒரு வரி நானே சேர்த்தேன். பெரிய தெருவில் யாருக்கும் தெரியாது.

திருவிழா அன்று காலை ஒன்பது மணிக்கு என் மச்சான் சந்தியாகு என் பேப்பர் கடைக்கு வந்தான். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்குத் துணைத்தலைவர். கோபத்தில் மீசை தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"மச்சான், முக்கைத் தாண்ட விடமாட்டோம். சப்பரம் தூக்குற வாரையில ஒருத்தனும் தோள் குடுக்கமாட்டான்."

"தெற்குத் தெருக்காரங்களே தூக்குவாங்களாம்ல?"

"தூக்கட்டும். முக்குல நாங்க உக்காருவோம். நாங்க உக்காந்தா அவனுக சும்மா இருப்பானுகளா? கல்லு வரும். எழுதி வச்சுக்க."

எழுதி வைத்தேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள், சார். 'சப்பர பவனி அமைதியாக நடைபெற்றது' என்று எழுதினால் இரண்டு வரி, அதுவும் சந்தை நிலவரத்துக்குக் கீழே. கல்வீச்சு என்றால் மாவட்டப் பக்கத்தில் தலைப்பு. இரண்டு வருஷம் நடந்தது மூன்றாவது வருஷமும் நடக்கும் என்பது என்ன, ஜோசியமா? அனுபவம். ஒரு தரப்பினர் சரமாரியாகக் கல் வீசினர், சொரூபம் சேதமடைந்தது, பவனி பாதியில் நின்றது என்று எழுதினேன். பெயர் வேண்டுமே. 'கும்பல்' என்று மட்டும் எழுதினால் வைத்தியலிங்கம் சார், "பேர் இல்லாத கும்பல் என்னய்யா கும்பல்?" என்பார். தெற்குத் தெருவில் வயது, தொழில், தகப்பன் பெயரோடு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள். போட்டேன். பதினான்கு வரி.

ஒன்று நாற்பதுக்குக் கவர் போய்விட்டது. இரண்டு மணிக்கு பிஷப் ஹவுஸிலிருந்து ஜீப்பில் ஒரு சாமியார் கடிதத்தோடு வந்தார். சப்பரத்தை மறித்தால் கோயிலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கடிதம். அவ்வளவுதான், பெரிய தெரு திட்டத்தை மாற்றிவிட்டது. முக்கில் உட்காரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலும் சாத்தியாயிற்று. சந்தியாகு வீட்டு ரேடியோ சத்தம் மட்டும் கேட்டது.

சப்பரத்தைத் தெற்குத் தெரு ஆட்களே தூக்கினார்கள். பழக்கம் இல்லாத தோள், சார். ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். செபஸ்தியார் லாரியில் போகிறவர் மாதிரி ஆடிக்கொண்டே வந்தார். முக்கில் ஒரு நிமிஷம் நின்றது. ஃபாதர் முன்னால் நடந்தார். பிறகு தெற்குத் தெருவுக்குள் போய்விட்டது.

நான் அங்கே இருந்தேன். நிருபர் இல்லையா? நோட்டு வைத்திருந்தேன். எழுத ஒன்றும் இல்லை, எழுதித்தான் அனுப்பியாயிற்றே.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சப்பரம் வாசலுக்கு வரும்போது பெண்கள் உப்பும் மிளகும் எறிவார்கள். மரு உதிர வேண்டும், கட்டி கரைய வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்று ஒவ்வொரு பிடியும் ஒரு வேண்டுதல். மற்ற ஆறு தெருவிலும் வருஷா வருஷம் நடப்பதுதான். தெற்குத் தெருக்காரர்கள் முக்கில் நின்று தூரத்திலிருந்து போடுவார்கள், பாதி ரோட்டில் விழும். அன்றைக்கு வீட்டு வாசலிலிருந்து போட்டார்கள். எத்தனை வருஷத்து வேண்டுதலோ தெரியாது, மூட்டை மூட்டையாக வைத்திருந்தார்கள் போல. சப்பரத்தின் மரத்தில் பட்டு மழை மாதிரி சத்தம். சவரிமுத்துவின் பெண்சாதி தெரேசு, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, முறத்தோடு கொட்டினாள். சவரிமுத்து வாரையைத் தோளில் வைத்தபடியே என்னைப் பார்த்து, "அய்யா, நீங்க எழுதுன மனு!" என்று கத்தினான். முகமெல்லாம் பல்.

என் கண்ணில் மிளகு விழுந்துவிட்டது. தாரை தாரையாகத் தண்ணீர். ஃபாதர் அமலதாஸ் அதைப் பார்த்துவிட்டார். என் தோளில் கையைப் போட்டு, "அழுங்க இன்னாசி, அழுங்க. அழவேண்டிய நாள்தான்" என்றார். மிளகு ஃபாதர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல பெயர் சும்மா வரும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

ஆறே காலுக்குச் சப்பரம் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. ஃபாதரே சொன்னார். "போன் வேணுமா? வாங்க, வந்து பண்ணுங்க. உலகத்துக்குச் சொல்லுங்க." பங்குச் சாமியார் வீட்டில் போன் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் சொல்லி, ஆறு ஐம்பதுக்கு லைன் கிடைத்தது. ஏழரைக்கு இன்னும் நாற்பது நிமிஷம். வைத்தியலிங்கம் சாரே எடுத்தார். பேசினேன். லைன் சரியில்லை. என்ன பேசினோம் என்று இப்போது துல்லியமாக நினைவில்லை, வயசாகிவிட்டது.

மறுநாள் காலை ஆறு பத்துக்குப் பேப்பர் கட்டு வந்தது. பிரித்தேன். மாவட்டப் பக்கத்தில் நாலு காலம் அகலத்துக்குத் தலைப்பு. 'செபஸ்தியார் சப்பரம் மீது கல்வீச்சு.' என் செய்திக்கு நாலு காலம் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பெரிய தெருவுக்கு முப்பத்தெட்டுப் பேப்பர். தெற்குத் தெருவுக்கு ஒன்று, டீக்கடைக்கு. முப்பத்தொன்பதையும் நான்தான் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பேப்பர் வரவில்லை என்றால் சந்தாக்காரர் சும்மா விடுவாரா? "என்னப்பா, நமது நிருபர் தூங்கிட்டாரா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று எனக்கொரு பெயர் இருந்தது. தவிர, நேற்று எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், இதைப் படித்துவிட்டுச் சிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வாணவேடிக்கையை விட்டுவிட்ட மாதிரி இதையும் விட்டுவிடுவார்கள்.

அங்கேதான் என் கணக்கு தப்பிவிட்டது, சார். வாணவேடிக்கையில் அவர்களும் நனைந்தார்கள். இதில் அவர்கள் கதவைச் சாத்தியிருந்தார்கள். பார்த்தவர்கள் யாரும் பேப்பர் வாங்குகிறவர்கள் இல்லை. வாங்கியவர்கள் யாரும் பார்த்தவர்கள் இல்லை.

எட்டு மணிக்குச் சந்தியாகு மணிக்கூண்டுக்குக் கீழே நின்று சத்தமாகப் படித்தான். பதினான்கு வரியையும். என் எழுத்தை ஒருத்தர் அவ்வளவு உணர்ச்சியோடு படித்து நான் கேட்டதில்லை. 'சொரூபம் சேதமடைந்தது' என்ற இடத்தில் அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கோயில் அங்கிருந்து முப்பது அடி. கதவு திறந்துதான் இருந்தது. செபஸ்தியார் உள்ளே பழைய அம்புகளோடு, புதிதாக ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஒருத்தரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நானும் "பாருங்கள்" என்று சொல்லவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சவரிமுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கையில் கரண்டி, தூக்குவாளி. கூட்டத்தைப் பார்த்து அவனாகவே வந்து கேட்டான்.

"என்னங்கய்யா, என்ன விசேஷம்?"

"கல்லா எறிஞ்ச, நாயே?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"யாருங்கய்யா? உப்புல்ல போட்டோம்? சாமி உள்ளதான நிக்கிறாரு. வந்து பாருங்கய்யா. ஒரு நிமிசம் வந்து பாருங்க." பிறகு என்னைப் பார்த்துவிட்டான். "நம்ம அய்யா இருந்தாங்களே! அய்யா, சொல்லுங்கய்யா."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்போ பேப்பர்ல?' என்று வரும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனசாட்சி உண்டு, சார். கொஞ்சம் மெதுவாக வரும். அது வந்து சேர்வதற்குள் சப்பரத்து வாரையை யாரோ உருவிவிட்டார்கள். முந்தின நாள் அவன் தோளில் இருந்த அதே வாரை.

நான் யாரையும் தொடவில்லை. எண்ணிக்கை எடுத்தேன். அது பழக்கம். தெற்குத் தெருவில் நொறுங்கிய வீடு பதினொன்று. காயம் ஆறு. பிறகு கடைக்குப் போய் எழுதி ஒன்று நாற்பது பஸ்ஸில் கொடுத்தேன். 'முன்தினம் நடந்த கல்வீச்சின் எதிரொலியாக' என்று ஆரம்பித்தேன். அந்தச் செய்தியில் கல்வீச்சு என்ற ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. வைத்தியலிங்கம் சார் போஸ்டாபீஸ் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். மதுரை ஆஸ்பத்திரியில் 24-ஆம் தேதி சவரிமுத்து இறந்தான். 'ஒருவர் பலி' என்று ஆபீஸிலேயே எழுதிக்கொண்டார்கள், எனக்கு வேலை வைக்கவில்லை.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேப்பரைப் பார்த்து எழுதினார். கல்வீச்சு வழக்கில் முதல் எதிரி சவரிமுத்து, தகப்பன் பெயர் லாசர். "பரவால்ல சார், விவரமா குடுத்திருக்கீங்க" என்றார். அடித்தவர்கள் பெயரைக் கேட்டார். இருட்டாக இருந்தது என்றேன். காலை எட்டு மணி, சார். அவரும் எழுதிக்கொண்டார்.

செபஸ்தியார் மேல் கல்லெறிந்தவன் என்பதால் அடக்கத்துக்குப் பெரிய மணி அடிக்கக் கூடாது என்று பேரவை தீர்மானம் போட்டது. ஃபாதர் அமலதாஸ் தன் கையாலேயே அடிக்கப் போனார், கயிற்றை அவிழ்த்து வைத்திருந்தார்கள். அடுத்த மாதமே அவரை மாற்றிவிட்டார்கள். பெட்டியோடு பஸ் ஏற வந்தவர் என் கடை முன்னால் நின்றார்.

"இன்னாசி, அன்னிக்கு எங்க வீட்டுல இருந்து போன் பண்ணீங்களே. நான் பக்கத்துலதான் நின்னேன். வெடிச் சத்தத்துல காதுல விழல. என்ன சொன்னீங்க?"

சரி, சார். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது. வைத்தியலிங்கம் சார், "என்ன இன்னாசி, ஏதாவது மாற்றமா?" என்று கேட்டார். ஃபாதர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மாற்றம் என்று சொன்னால் தலைப்பு போய்விடும். பதினான்கு வரியும் பொய் என்றால் நாளைக்கு என் எந்தக் கவரைப் பிரிப்பார்கள்? "இல்ல சார்," என்றேன். "கவர் வந்துதான்னு கேக்கத்தான்."

ஃபாதரிடமும் அதையே சொன்னேன். "கவர் வந்துதான்னு கேட்டேன், ஃபாதர்." அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஈஸ்டருக்குப் புதுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எட்டாம் கட்டளை என்றேன், பொய்சாட்சி.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான், ஃபாதர். ஆனா நாற்பதாயிரம் பிரதி."

அவருக்குப் புரியவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெரேசு வருஷா வருஷம் ஜனவரி 24-ஆம் தேதி என் கடைக்கு வருவாள். படியேறமாட்டாள். கீழே நின்றபடி, "அய்யா, ஒரு வரி போடச் சொல்லுங்கய்யா. அவரு கல்லெறியலன்னு ஒரே ஒரு வரி" என்பாள். அவளுடைய மகனைப் பள்ளிக்கூடத்தில் 'கல்லெறிஞ்சான் மகன்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியார்கூட. சப்பரம் மறுபடி முக்கோடு திரும்ப ஆரம்பித்துவிட்டது. தெற்குத் தெரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் யோசிக்கலாம் என்று பேரவை சொன்னது. செய்யாததற்கு எப்படிக் கடிதம் எழுதுவது? எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஒருத்தரும் வரவில்லை. நல்ல வேளை.

"ஆபீஸ்ல கேட்டேம்மா. பழைய செய்திக்குத் திருத்தம் போடமாட்டாங்களாம்" என்று சொல்லிவிடுவேன். ஒரு வருஷம் இல்லை, பதினேழு வருஷம் சொன்னேன். கேட்டேனா என்றால், கேட்கவில்லை. நானே ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பதிலும் கையைவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் அவள் வருவதை நிறுத்தவில்லை.

2012 பிறந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போதும் அந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொள்வேன். பேப்பரில் திருத்தம்தான் போடமாட்டார்கள், நினைவஞ்சலி போடுவார்கள் இல்லையா? விளம்பரம். அதில் என்ன எழுதினாலும் யாரும் வெட்டமாட்டார்கள். அன்பே, அமுதே, தெய்வமே என்று எழுதுகிறார்கள், ஆதாரமா கேட்கிறார்கள்? நானே எழுதினேன். இருபத்தோராம் ஆண்டு நினைவஞ்சலி. கொத்தனார் சவரிமுத்து. மறைவு 24.1.1991. அதற்குக் கீழே, '20.1.1991 அன்று செபஸ்தியார் சப்பரத்தின் மீது இவர் கல் எறியவில்லை. அன்று யாரும் கல் எறியவில்லை. செய்தி தவறு.' கடைசியில், 'இங்ஙனம், குடும்பத்தினர்.'

எடுத்துக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனேன். தெரேசுவின் மகள் நர்ஸ் வேலை பார்க்கிறாள், அவள்தான் படித்துக் காட்டினாள். தெரேசு கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"குடும்பத்துக்காரவுக நாங்க இதை இருபத்தோரு வருசமா சொல்லிக்கிட்டுத்தான இருக்கோம்? எவன் கேட்டான்?"

"இல்லம்மா, விளம்பரம்னா அப்படித்தான் போடுவாங்க. இங்ஙனம் மனைவி, மக்கள்னு."

"எறிஞ்சான்னு எழுதுனது யாரு?"

நான் தாளை மடித்தேன்.

"அந்த ஆளு பேரைப் போடு. எழுதுனவனே இல்லன்னு சொன்னாத்தான் இல்ல. உம் பேரைப் போடு, இன்னாசிமுத்து."

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், சார். முன்னெல்லாம் அய்யா என்பாள். காலம் மாறிவிட்டது, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. மகள்தான், "அம்மா" என்று தொட்டாள். நான், "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்றேன். தெரேசு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். மூன்றாவது தடவை.

வரும்போது சிரிப்பாகத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷம் என் பெயர் பேப்பரில் வரவேண்டும் என்று ஏங்கியவன். இப்போது வரப்போகிறது, ஒன்பதாம் பக்கத்தில், செத்தவர்களுக்கு நடுவில்.

மதுரைக்குப் போனேன். இதே பஸ், ஒன்று நாற்பது. ராசுக்குட்டி எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டார். கவரை யாரிடமும் கொடுக்காமல் நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். 'குடும்பத்தினர்' என்பதை அடித்து 'வே. இன்னாசிமுத்து, நிருபர் (ஓய்வு)' என்று எழுதியிருந்தேன். வழியெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

போகும் வழியில் சந்தியாகு போன் பண்ணினான். இப்போது அவன் மச்சான் மட்டும் இல்லை, சம்பந்தி. என் மகள் அவன் வீட்டு மருமகள். அவள் பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற விசேஷம், அந்த மாதக் கடைசியில். "பந்தக்காரன் வந்திருக்கான் சம்பந்தி, எத்தனை பேர்னு சொல்லணும். நம்ம பெரிய தெரு மொத்தமும் வருது" என்றான். நூற்றைம்பது என்று சொன்னேன். எண்ணிக்கையில் நான் தவறமாட்டேன்.

விளம்பரக் கவுண்டரில் ஒரு பெண். சின்ன வயசு, கெட்டிக்காரி. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் கொடுத்த தாளைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடித்தாள். அடித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கங்க சார். பேஜ் ஏழரைக்கு முடிஞ்சிரும். ஏதாவது மாற்றமா?"

2012 ஜனவரி 24-ஆம் தேதி, மதுரைப் பதிப்பு, ஒன்பதாம் பக்கம், இடது ஓரத்தில் அந்த நினைவஞ்சலி வெளியானது. இங்ஙனம் என்பதற்குக் கீழே குடும்பத்தினர் என்று இருந்தது.